கேன்டீன் வாசலில் ஒரு பெட்டி

எங்கள் கவுண்டர் மூன்று மணிக்குத் திறக்கும், நான்கு மணிக்கு மூடும். நாலு மணி ஒரு நிமிஷத்துக்கு வந்து நிற்பவர் எம்.டி.யின் மச்சானாகவே இருக்கட்டும், மறுநாள்தான். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரின் மருத்துவக் காப்பீடு, பிரசவ விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் மனிதவளத் துறையில் என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். விண்ணப்பத்தை வாங்கி, பதிவேட்டில் எண் போட்டு, தேதி முத்திரையை ஓங்கிக் குத்தி, நகலைக் கையில் கொடுத்து அனுப்புவேன். முத்திரை இல்லாத காகிதம் எனக்குக் காகிதமே இல்லை. அதனால் தொழிற்சாலையில் எனக்குச் சீல் மேடம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் என் முதுகுக்கு நன்றாகவே காது கேட்கும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் பொறுப்பேற்றபோது இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. மாடிப்படியில் கொடுப்பார்கள், லிஃப்டில் கொடுப்பார்கள், டீ கப்போடு சேர்த்து நீட்டுவார்கள். என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் கைகழுவப் போன இடத்தில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை உருவினார். ஈரக் கையோடு நின்று அதை வாங்கினேன் பாருங்கள், அன்றைக்கு முடிவெடுத்ததுதான் இந்த மூன்று டூ நான்கு. அதற்குப் பிறகு ஒரு காகிதம் தொலைந்ததில்லை. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன், சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

அக்டோபர் கடைசி வாரம் ஒரு திங்கட்கிழமை, மூன்று அடித்ததும் பசை இயந்திரம் ஓட்டுகிறவர் வந்தார். நிரந்தர இரவு ஷிப்ட். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது, தூங்காமல் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கையில் ஆஸ்பத்திரிக் காகிதம். அவருடைய பெண் குழந்தைக்குப் பத்தாவது மாதம் நடக்கிறது. பிறக்கும்போதே மேலண்ணம் பிளந்திருந்ததாம். பால் கொடுத்தால் பாதி மூக்கு வழியாக வந்துவிடுமாம். பேச ஆரம்பிப்பதற்குள் தைத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி, அடுத்த திங்கட்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். காப்பீட்டுப் பட்டியலில் குழந்தையே இல்லையாம்.

எங்கள் காப்பீட்டில் இதற்கு ஒரு விதி உண்டு. குழந்தை பிறந்த முப்பது நாளுக்குள் வேலை பார்க்கும் நிறுவனத்திடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டால், பிறவியிலேயே இருக்கும் குறைகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும். முப்பத்தோராம் நாள் கொடுத்தால் குழந்தையைச் சேர்ப்பார்கள், ஆனால் பிறவிக் குறைக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. இந்தக் குழந்தை பிறந்தது ஜனவரி நாலு. கெடு பிப்ரவரி மூன்று. நான் பதிவேட்டைப் புரட்டினேன். ஜனவரியில் இல்லை, பிப்ரவரியில் இல்லை, இன்று வரைக்கும் இல்லை.

கொடுத்தேனே மேடம் என்றார். கொடுத்திருந்தால் முத்திரை போட்ட நகல் இருக்குமே என்றேன். கொஞ்சம் கறாராகத்தான் சொன்னேன், மறைப்பானேன். கொடுக்காமலே கொடுத்தேன் என்று சத்தியம் செய்கிறவர்களை வாரத்துக்கு இரண்டு பேர் பார்க்கிறவள் நான்.

"நகல் இல்ல மேடம். நான் பெட்டியில போட்டேன்."

"எந்தப் பெட்டி?"

"கேன்டீன் வாசல்ல இருக்கே, உங்க பெட்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஆலோசனைப் பெட்டி. எம்.டி. ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்த கையோடு மாட்டச் சொன்னது. தொழிலாளர்கள் யோசனைகளை எழுதிப் போடுவார்களாம், நிறுவனம் ஓகோவென்று போகுமாம். அதில் போய் யாராவது காப்பீட்டு விண்ணப்பத்தைப் போடுவார்களா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. குழந்தை பிறந்து, பால் இறங்காமல் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததாம். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறரைக்கு இங்கே வந்தால் கவுண்டர் மூடியிருக்கும். மூன்று மணி வரை காத்திருந்தால் ஆஸ்பத்திரியில் மனைவி தனியாகக் கிடப்பாள். காவலாளியைக் கேட்டிருக்கிறார். அவர்தான் அந்தப் பெட்டியைக் காட்டி, மேலே மனிதவளத் துறை என்றுதானே எழுதியிருக்கிறது, இதில் போடு, அவர்களுக்குப் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குத் தேதி ஜனவரி இருபத்தொன்று. எப்படித் தெரியும் என்றேன். விண்ணப்பத்தில் தன் கையாலேயே எழுதினாராம், எழுதும்போது கை நடுங்கியது கூட ஞாபகம் இருக்கிறதாம்.

என் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று. ஏனென்றால் அந்தப் பெட்டியின் சாவி என் மேசை டிராயரில் இருக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை திறந்து, வந்த ஆலோசனைகளை எழுதி எம்.டி.க்கு அறிக்கை கொடுக்க வேண்டியது நான். முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகத் திறந்தேன். டீ தண்ணீராக இருக்கிறது என்று நாற்பது பேர், சூயிங்கம் சுற்றிய காகிதம் பத்து, ஒரு தடவை யாரோ கழற்றிப் போட்ட பொத்தான். அலுத்துவிட்டது. போன டிசம்பரில் திறந்ததோடு சரி. மார்ச்சில், ஜூனில், செப்டம்பரில், மூன்று முறையும் 'பெட்டி திறக்கப்பட்டது, ஆலோசனைகள் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முத்திரையும் குத்தியிருக்கிறேன்.

அவரை உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். புதன்கிழமைக்குள் ஒரு வழி செய்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். வழி என்னவென்று அப்போது எனக்கே தெரியாது, ஆனால் தெரியாததைத் தெரியாத முகத்தோடு சொல்லிப் பழக்கமில்லை.

என் உதவியாளர் பக்கத்து மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தால் மூன்று அறை தாண்டிக் கேட்கும், அதனால் அவளைப் பட்டாசு என்போம். அவர் போனதும் நாற்காலியை என் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். "அக்கா, பெட்டியைத் திறந்து ஃபார்மை எடுத்துக்குவோம். முத்திரையில சக்கரத்தைத் திருப்பினா ஜனவரி வந்துடப் போகுது. குழந்தையும் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீங்க," என்றாள்.

என் கை முத்திரைக்குப் போனது உண்மை. அந்தச் சக்கரத்தைக் கட்டைவிரலால் சில பல் நகர்த்தினால் போதும். பிறகு பதிவேட்டைத் திறந்து ஜனவரி இருபத்தொன்றைப் பார்த்தேன். அன்றைக்கு ஏழு விண்ணப்பம், எண்கள் வரிசையாக, நடுவில் ஒரு ஊசி சொருக இடமில்லாமல் எழுதிவைத்திருக்கிறேன். மாதாமாதம் அந்தப் பக்கங்களின் நகல் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போகிறது. பொய் முத்திரை குத்தினால் பத்து நிமிஷத்தில் பிடித்துவிடுவார்கள். மாட்டுவது நான் மட்டுமென்றால் போகட்டும். குழந்தைக்கு இருக்கும் வாய்ப்பும் போய்விடும், மற்ற நானூற்றுப் பதினோரு பேரின் காகிதத்தையும் இனிமேல் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். என் ஒழுங்கே எனக்கு எமனாக வந்து நின்றது. பட்டாசை வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று விரட்டினேன். பாவம், அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள்.

சரி, தனியாகப் போய்த் திறந்து பார்க்கலாமா? அதுவும் கூடாது. நான் தனியாகத் திறந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், நேற்றுச் சொருகியதுதானே இது என்று காப்பீட்டுக்காரர் கேட்பார். கேட்காவிட்டால்தான் ஆச்சரியம், அவர் இடத்தில் நானாக இருந்தால் முதல் கேள்வியே அதுதான். திறந்தால் எல்லோர் முன்னாலும் திறக்கவேண்டும். எல்லோர் முன்னாலும் திறந்தால் என் குட்டும் வெளிப்படும். இரண்டும் ஒரே பூட்டுக்குள் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால், எதற்கும் பதறுகிற வழக்கம் போய்விட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். இந்த வருஷம் எனக்குத் துறைத் தலைவர் பதவி வரப்போகிறது என்பது அவருக்கும் தெரியும், அவர் தங்கை வரைக்கும் தெரியும். அது கிடைக்காதே என்றேன். கிடைக்காது என்றார். வேலையே போனாலும் போகும் என்றேன். போனால் காலையில் ஏழு மணி வகுப்புக்கு ஒரு ஆள் குறைகிறது, நீ வந்து திட்டினால் பையன்கள் பயந்து ஒழுங்காக ஓட்டுவார்கள் என்றார். சிரித்துவிட்டு அழுதேன். பயத்தில் இல்லை. எட்டு வருஷமாகக் கட்டிவைத்த பெயரை நானே என் கையால் உடைக்கப்போகிறேனே என்ற ஆற்றாமை.

மறுநாள் காலை நாலு போன் செய்தேன். காப்பீட்டு நிறுவன அதிகாரியைப் புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு வரச்சொன்னேன். கேன்டீன் மேலாளரைச் சாட்சிக்கு இருக்கச் சொன்னேன். பசை இயந்திரக்காரரை அழைத்தேன். எம்.டி.யின் காரியதரிசியிடம் அவரும் கட்டாயம் வரவேண்டும் என்று சொன்னேன். முதலில் அவர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிடுவதுதான் முறை. இரண்டு முறை கதவு வரைக்கும் போனேன், இரண்டு முறையும் உள்ளே யாரோ இருந்தார்கள். அதாவது, யாரோ இருந்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை, சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த கேன்டீன் வாசல். பெட்டி சுவரில் தலை உயரத்தில் இருக்கிறது, உள்ளங்கை அகலம், முழங்கை ஆழம். காப்பீட்டு அதிகாரி இளைஞர், கழுத்துப்பட்டை, கையில் கோப்பு. பசை இயந்திரக்காரர் தூண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எம்.டி. கடைசியாக வந்தார். தன் பெட்டியைப் பார்க்க இத்தனை பேர் கூடியிருப்பதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம், முகத்தில் தெரிந்தது.

நான் சாவியை நுழைத்தேன். திரும்பவில்லை. பூட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கேன்டீன் மேலாளர் சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார். அசையவில்லை. பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டோம். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது பல மாசமாகத் திறக்காத பூட்டு, அறுத்துத்தான் எடுக்கணும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்தார். எம்.டி.யின் முகத்தில் இருந்த சந்தோஷம் வடிந்துபோயிற்று.

"மூணு மாசத்துக்கு ஒருதரம் திறந்ததா எழுதியிருந்தீங்களே?"

"எழுதினேன் சார். திறக்கல. டிசம்பருக்கு அப்புறம் இந்தப் பெட்டியை யாருமே திறக்கல. அந்த மூணு அறிக்கையும் பொய்," என்றேன்.

நான் அவரை விட்டுவிட்டுக் காப்பீட்டு அதிகாரி பக்கம் திரும்பினேன். இந்தத் துருவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் நடுவில் திறந்து எதையும் வைக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது என்றேன். அவர் மூன்று கோணத்தில் படம் எடுத்தார். என் சோம்பேறித்தனத்தை அத்தனை அழகாக யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள்.

பூட்டு அறுந்து விழுந்தது. மேல்மூடியைத் திறந்தோம். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. மூடியிலிருந்த துவாரத்தின் வழியாக மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த காகிதங்கள், போட்ட வரிசையிலேயே படிந்து கிடந்தன. பெரும்பாலும் கேன்டீன் டோக்கன்கள். எங்கள் ஆட்கள் எதையும் டோக்கனின் பின்பக்கத்தில்தான் எழுதுவார்கள், வேறு காகிதம் தேடிப் போவதில்லை. அந்தச் சீட்டில் தேதியும் நேரமும் இயந்திரமே அடித்திருக்கும். நான் நம்பி இறங்கியதே அதை வைத்துத்தான்.

மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியைப் படித்து, எழுதியிருப்பதையும் படித்து, அதிகாரியிடம் கொடுத்தேன். அக்டோபர் பத்தொன்பது, டீ தண்ணீர். அக்டோபர் இரண்டு, மின்விசிறி சத்தம். செப்டம்பர் பதினான்கில் ஒருவர் தன் போர்மேனின் மீசையைப் பற்றி எழுதியிருந்ததைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அதற்கு அடுத்த சீட்டில் கை நின்றது. 'மூணு மணிக்குத் திறந்தா ராத்திரி ஷிப்ட் ஆள் எப்போ வருவான்?' அதையும் சத்தமாகப் படித்தேன். பிறகு ஆகஸ்டில் இரண்டு அதேபோல. ஜூலையில் ஒன்று. 'சீல் மேடத்துக்குத் தூக்கம் வரும், எங்களுக்கு வராதா?' என்று ஒன்று. மொத்தம் பதினான்கு. பதினான்கையும் என் வாயாலேயே படித்தேன். ஆலோசனைகள் ஏதுமில்லை என்று எழுதியவள் நான். முகத்தில் ரத்தம் ஏறுவது எனக்கே தெரிந்தது. ஒன்றைக்கூட முழுங்கவில்லை.

பிப்ரவரி வந்தது. பிப்ரவரி முடிந்தது. ஜனவரி இருபத்தெட்டு, இருபத்தைந்து, இருபத்திரண்டு. அதற்குக் கீழே நாலாக மடித்த முழுத்தாள். பசை இயந்திரக்காரர் தூணை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். நான் பிரிக்கவில்லை, அதிகாரியையே பிரிக்கச் சொன்னேன். குழந்தை சேர்ப்பு விண்ணப்பம், ஜனவரி இருபத்தொன்று, நடுங்கிய எழுத்து, அவர் கையெழுத்து. அதற்குக் கீழே இருந்த டோக்கனில் தேதி ஜனவரி இருபது.

பழைய டோக்கனை எடுத்து வைத்திருந்து பிறகு போட்டிருக்கலாமே என்றார் அதிகாரி. கேட்க வேண்டிய கேள்விதான். போட்டிருக்கலாம், ஒருவர் போட்டிருக்கலாம், இந்த எண்பத்து மூன்று சீட்டுக்காரர்களும் பேசிவைத்துக்கொண்டு தேதி வரிசையில் ஒன்பது மாதம் போட்டிருக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டினார். இன்னொன்று பிடித்தார். விதியில் நிறுவனம் பெற்றுக்கொண்ட நாள் என்று இருக்கிறது, நீங்கள் பெற்றுக்கொண்டதே இன்றைக்குத்தானே என்றார்.

இதற்கு நான் மனப்பாடம் செய்துகொண்டு வரவில்லை. வந்ததைச் சொன்னேன். "பெட்டி மேல எங்க துறை பேரு. பூட்டு எங்களோடது. சாவி என் டிராயர்ல. இதுல விழுந்தா எங்க கைக்கு வந்ததா அர்த்தம். நான் திறந்து பார்க்கலைங்கிறது என் தப்பு. அவர் குடுத்தது குடுத்ததுதான்."

நிறுவனம் இதை எழுத்தில் கொடுத்தால் மேலே அனுப்பி ஒப்புதல் வாங்கித் தருகிறேன் என்றார் அதிகாரி. பெட்டி திறக்கப்படவில்லை, அறிக்கைகள் தவறு என்பதெல்லாம் அதில் வரவேண்டும், நிர்வாக இயக்குநரே கையெழுத்திட வேண்டும். கடிதம் என் கோப்பில் தயாராகவே இருந்தது, முதல்நாளே தட்டச்சு செய்துவிட்டேன். எடுத்து எம்.டி. முன்னால் நீட்டினேன். அவர் படித்தார். மறுபடி படித்தார். நிறுவனத்தின் பெயரைப் போட்டு இதில் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார். என் பெயரும் அதிலேயே இருக்கிறது சார், முதல் வரியில் என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு தூண் ஓரம் நின்றவரைப் பார்த்தார். குழந்தைக்கு எத்தனை மாசம் என்று அவரிடம் கேட்டார். பத்து என்றதும் பேனாவை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை பகல் ஒப்புதல் வந்தது. அன்றைக்கே எம்.டி.யிடமிருந்து எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும், இந்த ஆண்டு பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் பரிசீலிக்கப்படாது என்ற குறிப்பும் வந்தன. வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் செப்டம்பர் அறிக்கை மாதிரி ஆகிவிடும். பட்டாசு என் மேசையில் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

ஒப்புதல் கடிதத்தை வாங்கிப்போக பசை இயந்திரக்காரர் வந்தபோது, எனக்குள் நாலு நாளாகக் குடைந்ததைக் கேட்டேவிட்டேன். இத்தனை மாதம் ஏன் ஒரு தடவையாவது வந்து விசாரிக்கவில்லை? ஒரு நகலாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா?

"உங்க கைக்குப் போன காகிதம் தொலையாதுன்னு எல்லாரும் சொல்வாங்க மேடம். அதான் நான் நிம்மதியா இருந்துட்டேன்," என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். எச்சரிக்கைக் கடிதத்தை வாங்கியபோது நிமிர்ந்திருந்த தலை அப்போது குனிந்துவிட்டது. ஒப்புதல் கடிதத்தை அவர் கையில் கொடுத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை முழுக்க வேலை ஓடவில்லை. கூட்டலில் இரண்டு தடவை தப்பு விட்டேன், பட்டாசு திருத்தினாள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. பின்னால் ஆஸ்பத்திரியின் இரைச்சல், ஒரு பெண் குரல் குழந்தையைக் கொஞ்சுவது, நடுவில் கட்டையான ஒரு அழுகை.

"மேடம், இப்பத்தான் கரண்டியில ரெண்டு வாய் பால் குடுத்தாங்க. மூக்குல வரல."

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். நல்லது என்றேன். பிறகு அவர், குழந்தைக்கு ஒரு வயதானதும் பேச்சுப் பயிற்சி தொடங்கவேண்டுமாம், அதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம் உண்டாமே, எப்போது கொண்டுவரட்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"காலையில ஷிப்ட் முடிஞ்சு போற வழியிலேயே வாங்க, ஆறரைக்கு நான் இருப்பேன். வரும்போது நகல் எடுத்துக்கிட்டு வாங்க, முத்திரை குத்தினேனான்னு நின்னு பார்த்துட்டுப் போங்க. யாரையும் நம்பாதீங்க, என்னையும் சேர்த்துத்தான்," என்றேன்.

சரி மேடம் என்று சிரித்தார். குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது, போனை வைத்துவிட்டார்.